நாலே விநாடி

"இன்னுமா கையெழுத்துப் போடல அவர்?"

மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. பாவம், அவளைச் சொல்லியும் குற்றமில்லை.

நாளைக் காலை ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர்கள் கம்பெனியின் சாஃப்ட்வேர் ஓட வேண்டும். முப்பது கட்டில்கள். எந்த நோயாளிக்கு மூச்சுத் திணறினாலும் நர்ஸ் மேஜையில் மணி அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் ஓர் உயிர் போகும்.

அதற்காகத்தான் இன்று பதினோரு மணிக்குச் சோதனை. ஓடிக்கொண்டிருக்கும் மெயின் சர்வரை டெஸ்டர் வேண்டுமென்றே அணைப்பார். மாற்று சர்வர் உடனே வேலையைக் கையில் எடுக்க வேண்டும்.

"எடுத்துடுச்சு மேடம். நாலே விநாடி. ஒரு மணிகூடத் தவறல" என்று அப்போதே வந்து சொல்லிவிட்டான் புரோகிராமர்.

அவன் எழுதிய ரிப்போர்ட்டும் சுடச்சுட வந்தது. 'நேரில் பார்த்தேன்' என்ற இடத்தில் மேனேஜர் கையெழுத்துப் போட்டும் ஆயிற்று. நேரில் பார்க்க அவளுக்கு ஏது நேரம்? மீட்டிங்கில் இருந்தாள். பையன் கெட்டிக்காரன், அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

டெஸ்டர் மட்டும் மூன்று மணி நேரமாகப் பேனாவைத் தொடவில்லை.

"சும்மாவா 'நொட்டை சார்'னு பேரு வச்சோம்? ஏதாவது குத்தம் கண்டுபிடிக்கலன்னா அவருக்குத் தூக்கம் வராது" என்று சிரித்தான் புரோகிராமர்.

மேனேஜர் விறுவிறுவென்று அவர் மேஜைக்கே போனாள். அவனும் பின்னாலேயே வந்தான்.

"என்ன சார் வீம்பு இது? ஆஸ்பத்திரிக்காரங்க போன் மேல போன் போடறாங்க. ரிப்போர்ட்ல என்ன குறை கண்டீங்க?"

டெஸ்டர் எழுந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"ரிப்போர்ட்ல ஒரு குறையும் இல்ல மேடம். தப்பு என்மேலதான். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம உட்கார்ந்திருக்கேன்."

"என்ன தப்பு?"

"பதினோரு மணிக்குப் பொண்ணு போன் பண்ணினா. ரெண்டு வருஷமா அலைஞ்சவளுக்கு இன்னிக்குத்தான் வேலை கிடைச்சிருக்கு. சந்தோஷத்துல மாடிப்படியிலேயே நின்னு பேசிட்டிருந்துட்டேன். திரும்பி வந்தா, உங்க கையெழுத்தோட ரிப்போர்ட் மேஜைல இருக்கு."

"சரி, அதனால என்ன சார்?"

புரோகிராமர் மெல்ல நழுவப் பார்த்தான்.

"மன்னிச்சிடுங்க மேடம். நான் இன்னும் சர்வரை அணைக்கவே இல்ல."