மகளிர் தினத்துக்கு ஒரு படம்

“இதுல கோர்னெல் யாரு?” என்று ஸம்ஃபிரா தணிந்த குரலில் கேட்டாள்.

நீலக் கம்பளிச் சட்டை போட்ட பையனை அனேதா கண்ணால் காட்டினாள். ஸம்ஃபிரா அவனை அருகே இழுத்துக் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டாள். பாவம், பெயர்களை மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறாள், ஆள்தான் தெரியவில்லை என்று அனேதா நினைத்துக்கொண்டாள்.

அரசுக் குழந்தைகள் விடுதியில் அனேதா ஆயாவாகச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அங்கே இருந்தவர்களில் அநாதைகள் குறைவு. கருவைக் கலைத்தால் சிறை என்று சட்டம் இருந்ததால் பெற்றுவிட்டு, சோறு போட வழியில்லாமல் கொண்டுவந்து விட்டவர்களின் பிள்ளைகளே அதிகம்.

அன்று காலை விடுதித் தலைவி நான்கு பிள்ளைகளைக் குளிப்பாட்டி அனேதாவோடு வேனில் அனுப்பினாள். வழியில் கைக்குழந்தைகள் விடுதியிலும் பெரிய பிள்ளைகள் விடுதியிலும் வண்டி நின்று, இன்னும் ஆறு பேரை ஏற்றிக்கொண்டது. மறுநாள் மகளிர் தினம். பத்துப் பிள்ளை பெற்று அரசின் ‘வீரத்தாய்’ பட்டம் வாங்கியவளின் படம் பத்திரிகையில் வரவேண்டுமாம். அதற்குப் பத்துத் தலை தேவைப்படுகிறது என்று அனேதா தானாகவே புரிந்துகொண்டாள். ருமேனியாவில் அப்போது கேள்வி கேட்கிறவர்களுக்கு வேலை நிலைக்காது.

ஸம்ஃபிராவின் வீட்டைப் பார்த்ததும் அது உறுதியாகிவிட்டது. ஒரே அறை, ஒரே கட்டில். ஆணியில் ஒரே கோட்டு தொங்கியது. அடுப்பில் மட்டும் பெரிய பானை நிறையச் சோளக்களி வெந்துகொண்டிருந்தது.

கட்சிக் கமிட்டியிலிருந்து புகைப்படக்காரரோடு வந்த பிர்வு, ஸம்ஃபிராவின் மார்பில் பதக்கத்தைக் குத்தினார். கூடையிலிருந்து வெள்ளை ரொட்டியும் ஆரஞ்சுப் பழங்களும் எடுத்து மேசையில் பரப்பினார். எல்லாரும் அம்மாவை ஒட்டி நின்று சிரிக்க வேண்டும் என்றார். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி மட்டும் சிரிக்கவே மாட்டேன் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று வயதுக் கடைக்குட்டியை அனேதா தூக்கி ஸம்ஃபிராவின் மடியில் வைத்தாள். அவன் உடனே “அம்மா” என்றான். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. காலையில் வேன் ஓட்டுநரையும் அவன் அப்படித்தான் கூப்பிட்டிருந்தான்.

கோர்னெல் ஒரு ஆரஞ்சைத் தோலோடு கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். ஸம்ஃபிரா சிரித்துவிட்டாள். புகைப்படக்காரர் அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்துவிட்டார்.

பிர்வு பழங்களையும் ரொட்டியையும் மறுபடி கூடைக்குள் அடுக்கினார். அடுத்த ஊரிலும் ஒரு வீரத்தாய் காத்திருந்தாள். களி ஆறுகிற வரைக்கும் பிள்ளைகள் இருக்கட்டும், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று ஸம்ஃபிரா கேட்டுப் பார்த்தாள்.

“பெட்ரோலுக்கே ரேஷன், தோழரே. படம்தான் எடுத்தாச்சே” என்றார் அவர்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைக்குட்டி மட்டும் ஸம்ஃபிராவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுத்தான். அனேதா தயங்கி நின்றபோது, ஸம்ஃபிராவே அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அவனை அவள் கையில் கொடுத்தாள்.

அவனை வண்டியில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பிய அனேதாவுக்குப் பேசாமல் போக மனம் வரவில்லை. சேற்றில் இறங்கி மறுபடி வாசற்படலுக்கு வந்தாள்.

“அரை நாள்ல இவ்வளவு ஒட்டிக்கிட்டீங்களே அக்கா. அடுத்த வருஷமும் இதே பிள்ளைங்களையே கூட்டிட்டு வரச் சொல்றேன்” என்றாள். பிறகு நினைவு வந்தவள்போல் கேட்டாள்: “ஆமா, உங்களுக்குன்னு சொந்தமா எத்தனை பிள்ளைங்க?”

ஸம்ஃபிரா வேனின் சன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இப்ப வண்டியில ஏத்தினியே, அத்தனையும் நான் பெத்ததுதான்.”