ரொட்டி முனையின் பெயர்

போலந்தின் விரோத்ஸ்வாஃப் பல்கலைக்கழகத்தின் பழைய மண்டபத்தில் தாய்மொழி நாள் கூட்டம். உயரமான சன்னல்கள் வழியே விழும் பிப்ரவரி வெயிலில், மொழியியல் பேராசிரியை ரொட்டியின் முனையை அறுத்து உயர்த்திப் பிடிக்கிறார். "இதுக்கு உங்க வீட்ல என்ன பேரு?" பியெந்த்கா என்கிறார்கள் சிலர், பிஷிலெப்கா என்கிறார்கள் சிலர். ஆறாவது வரிசையில் டிராம் ஓட்டுநர் போஷெனா சீருடையோடு வாய் திறக்காமல் இருக்கிறாள். இந்த நகரத்துக்கு வந்த புதிதில் விடுதித் தோழிகள் ரொட்டி முனைக்கு அவள் சொன்ன ஊர்ப்பேரைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். முப்பது வருடமாக அவள் அதை உச்சரித்ததே இல்லை. பேராசிரியையின் பார்வை அவள்மேல் நிற்கிறது. "நீங்க சொல்லுங்கம்மா."

"த்ஸவூஷ்கா," என்கிறாள், தரையைப் பார்த்தபடி. "குட்டி முத்தம்ங்கிற மாதிரி. சிரிக்காதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் நாற்காலி ஒன்று கிறீச்சிடுகிறது. நரைத்த மீசைக்காரர் ஒருவர், மடக்கிய குடையைக் கையில் பிடித்தபடியே எழுந்து நிற்கிறார். "எங்கம்மாவும் அப்படித்தாங்க சொல்வாங்க. அவங்களா வச்ச பேருன்னே இத்தனை நாளா நெனச்சுட்டிருந்தேன்." அவருக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு கன்னியாஸ்திரீ எழுகிறார். சன்னலோரம் காதில் வளையம் போட்ட மாணவன். மேல்மாடத்தில் மூன்று பேர். ஒவ்வொருவரும் அந்தச் சொல்லைத் தாழ்ந்த குரலில் ஒரு முறை சொல்லிப் பார்க்கிறார்கள். போஷெனாவும் எழுகிறாள். இவர்களில் ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.