குண்டுக்கரிச்சான் சாட்சி

"பாடுமா, பாடாதா? பத்து மணிக்கு எனக்குச் செங்கல்பட்டுல மீட்டிங் இருக்குது" என்றார் வன அலுவலர் சபாபதி, கைக்கடிகாரத்தைத் தட்டியபடி.

"பாடும் சார். தினம் ஆறரைக்கு டாண்ணு பாடும்" என்றான் உமாபதி. மணி அப்போதே ஆறு ஐம்பது.

ஐயம்பேட்டை ஏரிக்கரைத் தோப்பில் இருவரும் நின்றிருந்தார்கள். உமாபதி பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளி. தறிக்குழியிலேயே கிடந்தால் மார்ச்சளி போகாது, காலையில் நட என்று டாக்டர் விரட்டியதில் தொடங்கிய பழக்கம், இரவல் பைனாகுலரும் நோட்டுப் புத்தகமுமாகப் குருவிப் பைத்தியமாகவே முற்றிவிட்டது. குருவி பிடிக்கிறவர்கள் கூண்டில் அடைத்து விற்பதற்காகக் கண்ணி வைத்துப் பிடித்துப் பிடித்தே, அந்தப் பக்கத்தில் குண்டுக்கரிச்சான் குருவியை ஒன்றுகூட இல்லாமல் துடைத்தெடுத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. இப்போது தோப்பையும் வெட்ட ஏலம் விட்டுவிட்டார்கள். குருவி திரும்பி வந்தது உண்மையானால் மட்டுமே வெட்டுவதைத் தடுக்க முடியும். அதைச் சபாபதி தன் காதால் கேட்டாக வேண்டும்.

"ஒரு மாசமா தினம் கேட்டதா எழுதியிருக்கீங்க. வேற யாராச்சும் கேட்டாங்களா?"

"எம் மச்சான் வீரபாகு கேட்டான் சார்."

"அவர் எங்க?"

"வீட்ல தார் சுத்திக்கினு இருக்கான் சார். தறிக்கு நூல் வேணுமில்ல?"

உமாபதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. துண்டை உதறினான், தோளில் போட்டான், மறுபடி உதறினான். கண் நொச்சிப் புதருக்கே ஓடியது. ஏழு மணி. ஏழு ஐந்து. அங்கே அசைவே இல்லை.

"சரிப்பா, நான் கிளம்பறேன்."

"அஞ்சு நிமிஷம் சார்! உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

ஜீப்பில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். புதர்ப் பக்கமிருந்து சீழ்க்கை கிளம்பியது. ஏறி, இறங்கி, நீட்டி இழுத்து, முடிவில் ஒரு சின்னக் குழைவு. நின்றது. மறுபடியும் தொடங்கியது.

"இதேதான்பா! சின்ன வயசுல கேட்டது!" சபாபதியின் முகம் மலர்ந்துவிட்டது. மரங்களைத் தொடக்கூடாது என்று ஜீப்பின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

உமாபதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இன்றைக்கு என்ன குழைவு, என்ன இழுப்பு! இவ்வளவு வேண்டியதே இல்லை என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் புதரைப் பார்த்து ஓடினான். "மச்சான், வெளிய வாடா! ஜெயிச்சுட்டோம்டா!"

"மாமா!"

குரல் பின்னால், ரோட்டிலிருந்து வந்தது. வேர்க்க விறுவிறுக்க சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான் வீரபாகு. அவன் கையில், ஒரு மாதமாகக் குருவிபோல ஊதிப் பழகிய, நூல் சுற்றும் மூங்கில் தார்க்குழல்.

"கோச்சுக்காத மாமா, வழியில டயர் வெடிச்சுடுச்சு. ஆபீசர் வந்துட்டாரா? இப்ப புதர்ல குந்திக்கினு ஊதட்டுமா?"