அஞ்சு பேப்பர் பாக்கி

“இவன் எதுக்குடி கவுன் மாட்டிக்கிட்டு வந்து நிக்கறான்?”

பக்கத்திலிருந்தவளிடம் கேட்ட ரூபிக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டக் கல்லூரிப் பட்டமளிப்பு விழா வரிசையில், அவளுக்கு நாலு பேர் முன்னால் வெற்றிவேல் நின்றுகொண்டிருந்தான். போன செமஸ்டர் பரீட்சையில் அவன் பெஞ்சுக்கு அடியில் பிட்டு கிடந்து, ஸ்குவாடிடம் கையும் களவுமாகப் பிடிபட்டவன். அந்த செமஸ்டரின் அஞ்சு பேப்பரும் கேன்சல். எல்லாம் எழுதி முடிக்க இன்னும் ஒரு வருஷம் ஆகும்.

விழாப் பொறுப்பு சிவசங்கரி மிஸ். ரூபி நேராக அவரிடம் போனாள்.

“மிஸ், படிப்பை முடிக்காதவன்லாம் மேடை ஏறலாமா?”

“நீ மட்டும் முடிச்சிட்டியா? கடைசி செமஸ்டர் ரிசல்ட் இன்னும் யாருக்குமே வரல. இன்னைக்கு மேடையில தர்ற ஃபைல் எல்லாம் காலிதான்.”

“அது வேற மிஸ். இவன் காப்பி அடிச்சவன்.”

மிஸ் குரலைத் தாழ்த்தினார். “நானும் வேணாம்னுதான் சொன்னேன். மெரின்தான் பிரின்சிபாலுக்கு லெட்டர் கொடுத்து, கெஞ்சிக் கூத்தாடி பர்மிஷன் வாங்கியிருக்கா.”

ரூபியால் நம்ப முடியவில்லை. மெரின் அவளுடைய உயிர்த்தோழி. அஞ்சு வருஷமும் வகுப்பில் முதல் மார்க். வெற்றிவேலோடு அவள் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி யாரும் பார்த்ததில்லை.

வெற்றிவேலிடமே கேட்டுவிட்டாள். “உனக்கே கூச்சமா இல்ல?”

“இருக்கு” என்றான் அவன். “நோணாங்குப்பத்துலேர்ந்து அப்பா, அம்மா வந்து உக்காந்திருக்காங்க. அஞ்சு பேப்பர் பாக்கின்னு தெரிஞ்சேதான் வந்திருக்காங்க. இந்த டிரெஸ்ல ஒரு தடவை பாத்துடணுமாம்.”

ரூபி அங்கிருந்து நகர்ந்தாள். மெரினைத் தேடிப் பிடித்தாள்.

“எதுக்குடி அவனுக்கு லெட்டர் கொடுத்தே?”

“அப்புறம் சொல்றேன்.”

“லவ்வா?”

“சீ, போடி!” என்ற மெரின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விழா தொடங்கியது. ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல் ஹாலைப் பிளந்தது.

“வெற்றிவேல், தகப்பனார் பாவாடை.”

ஹால் கப்சிப். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “பிட்டு!” என்றது. குபீரென்று சிரிப்பு. ரூபியும் சிரித்தாள். மூன்றாவது வரிசையில் தனியாகக் கைதட்டிக்கொண்டிருந்த அவன் அம்மா செல்வாம்பாள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல், தட்டுவதை நிறுத்திவிட்டு அக்கம்பக்கம் பார்த்தாள்.

கடைசியாக, மாணவர்கள் சார்பில் பேச மெரினை அழைத்தார்கள்.

மெரின் மைக்கைப் பிடித்தாள்.

“பிரின்சிபால் சார், என் ஃபைலை நான் வாங்கிக்கல. அந்த லெட்டர்ல பாதிதான் எழுதினேன். மீதியை இங்க சொல்லிடறேன்.”

பிரின்சிபால் விழித்தார். ரூபி பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். அவளும் விழித்தாள்.

“வெற்றிவேல் பெஞ்சுக்கடியில கிடந்த பிட்டு என்னோடது. ஸ்குவாட் உள்ள வந்ததும், பக்கத்து பெஞ்சுல இருந்த நான்தான் பயத்துல காலால அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன். அவன் பாத்துட்டான்.”

மெரின் நிறுத்தவில்லை.

“பாத்தும் ஆறு மாசமா ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கல. போன வாரம்தான் தைரியம் வந்து, ‘ஏன் சொல்லல?’ன்னு கேட்டேன்.”

மெரின் வெற்றிவேல் இருந்த பக்கம் திரும்பினாள்.

“ ‘நீயே சொல்லிடுவேன்னு இருந்தேன்’னான்.”