பிள்ளையார் சுழி போட்ட வாக்கு

"பிள்ளையார் சுழியோ? வாக்குச்சீட்டிலையோ?"

"பேப்பரைக் கையிலை தந்தா முதல் அதைத்தானே போடுறது. பழக்கத்திலை கை..."

"சோதினை எழுதவே போனனீர்?"

"கை போட்டிட்டுது எண்டுறன். பிறகு 'இல்லை'க்கு நேரை வடிவாப் புள்ளடியும் போட்டனான்."

"புள்ளடி மட்டும்தான் இருக்கவேணும். வேறை கீறல் கண்டால் கழிச்சுப்போடுவினம். உம்மடை வாக்கு குப்பைக்கை."

"கழிக்கட்டும். வெண்டது என்ரை பக்கம்தானே."

மொன்றியல். 1995 ஒக்டோபர் முப்பத்தொன்று, காலை.

கனடாவை விட்டுப் பிரிவதா என்று கியூபெக் மாகாணம் நேற்றுத் தன் சனத்திடம் கேட்டிருந்தது. ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசு தடுக்கவில்லை. நூற்றுக்கு ஒன்று வித்தியாசத்தில் 'இல்லை' வென்றது.

சுழி போட்டவள் மனைவி. அவளுடைய கணவர் 'ஆம்' போட்டவர். தமிழருக்கு ஒரு நாடு வேண்டுமென்று இருபது வருடமாகக் கூட்டங்களில் பேசுகிறவர்.

"பிரியப்போறம் எண்ட சனத்துக்கு இஞ்சை புள்ளடி போடப் பென்சில் குடுக்கிறாங்கள். கொழும்பு எங்களுக்கு என்னத்தைக் குடுத்தது? ஷெல். நான் போய் இவங்களுக்கு 'இல்லை' எண்டு போடுறதோ?"

"உங்களுக்குக் கொள்கை. எனக்கு அம்மா."

அம்மா யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில். தனியே. எழுபத்தொன்பது வயது.

அம்மாவை இங்கே கூப்பிடும் விண்ணப்பம் ஒட்டாவாவில் கிடக்கிறது. நாடு பிரிந்தால் எல்லாம் முதலிலிருந்து என்று கோயிலில் யாரோ சொன்னார்கள். அதற்காகத்தான் அந்தப் புள்ளடி.

'வீட்டை விட்டிட்டு நான் வரமாட்டன்' என்றுதான் அம்மா கடைசியாக எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தை அவள் கணவருக்குக் காட்டவில்லை.

தொலைபேசி அடித்தது.

அவர்தான் எடுத்தார். ஸ்காபரோவிலிருந்து அவருடைய தம்பி.

"ஓம்... சொல்லு... எப்ப?"

பிறகு கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். நின்றவர் கதிரையில் அமர்ந்தார்.

அவள் அடுப்பை நிற்பாட்டினாள்.

"என்னவாம்?"

ரிசீவரை வைத்தபின்னும் அதன்மேலேயே கையை வைத்திருந்தார். அவளைப் பாராமல் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

ஆமி கிட்ட வந்துவிட்டதாம். நேற்றுப் பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கை ஒழுங்கையாகப் போனதாம். எல்லோரும் உடனே வெளிக்கிடவேண்டுமாம். யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே தெருவில் நடந்ததாம். மழையாம். ஊரைவிட்டு வெளியேறும் நாவற்குழிப் பாலத்தில் சனம் விடியும்வரை நின்ற இடத்திலேயே நின்றதாம்.

"கொக்குவிலோ?"

"அங்கையும் ஒருத்தரும் இல்லையாம்."

"வெளிக்கிடச் சொல்லி அறிவிச்சது ஆர்? ஆமியோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கடை இயக்கப் பெடியள்தான். சனத்தின்ரை பாதுகாப்புக்கு."

அவள் கதிரையை இழுத்தாள். இருக்கவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தொலைக்காட்சியில் நேற்றைய கூட்டம். தோற்ற 'ஆம்' காரர்கள் முகத்தில் கியூபெக்கின் நீலக்கொடி பூசியிருந்தார்கள். அழுதுகொண்டே அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

"இஞ்சாருங்கோ."

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"போறியளோ, இருக்கிறியளோ எண்டு அம்மாட்டை ஆரும் கேட்டவையோ?"