மஞ்சள் தெரிந்த மலை

ஐப்பசி பிறந்தால் வெள்ளத்துக்குப் பயந்து சென்னை முழுக்க மேட்டுக்கு ஏறிவிடும். யாருக்கு எந்த மலை என்பதை வேலையை வைத்து அரசாங்கம் முடிவு செய்யும்; புருஷன் பெண்டாட்டி என்பதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. முகுந்தனுக்கும் இரண்டு வயது மகள் யாழிக்கும் பரங்கிமலை. நர்ஸான அவன் மனைவி தேவிகாவுக்கு ஆஸ்பத்திரி இருக்கும் பல்லாவரம் மலை. தை வரைக்கும் நடுவில் தண்ணீர். அதுவரை செல்போன்கூட அவசரத்துக்கு மட்டும்தான்.

கிளம்புகிற அன்று தேவிகா தன் மஞ்சள் புடவையை இரண்டாகக் கிழித்தாள். ஆளுக்கொரு பாதியைத் தினமும் வெளியே கட்டிவைப்பது என்று பேச்சு.

“அதோ பாரு, அம்மா!” எதிர்மலையின் மஞ்சள் புள்ளியைக் காட்டித்தான் முகுந்தன் சோறூட்டினான். மழை மறைத்த நாட்களில் யாழி வாயைத் திறக்கவே மாட்டாள். அவள் தூங்கும்போது அவனும் அந்தப் புள்ளியோடு ஏதாவது பேசிக்கொண்டிருப்பான்.

தண்ணீர் வடிந்ததும் முதல் பஸ்ஸில் தேவிகா வந்துவிட்டாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் குழந்தையை வாரிக்கொண்டாள்.

“யாழிக்குட்டி, அம்மா வந்துட்டேன்டா!”

யாழி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு திரும்பி எதிர்மலையைப் பார்த்தாள். அங்கே மஞ்சள் இல்லை. காலையில்தான் தேவிகா அதை அவிழ்த்துப் பையில் வைத்திருந்தாள்.

“அப்பா, அம்மாவக் காணோம்.”

“இதுதான்டா அம்மா,” என்றான் முகுந்தன்.

யாழி நம்பவில்லை. தேவிகாவின் இடுப்பில் இருந்தபடியே மலையை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டி, அம்மா வேண்டும் என்று அழுதாள்.