பதினாலாம் நம்பர் வண்டி

“இதுலயும் நொட்டை கண்டுபிடிச்சீங்கன்னா, இந்தத் தொழிலையே விட்டுடறேன்மா!”

கடுகு மேசை விளக்கை அவள் பக்கம் திருப்பினார். விரல் நீள வண்டிகளோடு மல்லுக்கட்டும் மனிதருக்குத் தெரு வைத்த பெயர் அது. கடையில் விற்கும் பொம்மைக் காரை வாங்கி, அடியில் இருக்கும் ஆணியைத் துளைத்துப் பிரித்து, சாயத்தை உரித்து, சக்கரத்தை மாற்றி, அச்சு அசல் பந்தயக் காராக்கிவிடுவார். ஊரே மெச்சும். இவள் ஒருத்திதான் மெச்சவில்லை.

ஒரு வருஷத்தில் நாலு வண்டி வாங்கிவிட்டாள். நாலிலும் குறை. கண்ணாடி விளிம்பு கறுப்பாக இருந்திருக்க வேண்டும், பக்கவாட்டுக் கோடு அரை நூல் இறங்கிவிட்டது என்று ஏதாவது ஒன்று. அவள் சொன்னது ஒவ்வொரு தடவையும் சரியாக இருந்து தொலைத்ததுதான் அவரால் தாங்க முடியவில்லை.

“அந்தம்மா வந்துட்டுப் போனா மூணு நாளைக்கு உங்களுக்குச் சோறு இறங்காது,” என்று மனைவி சிரிப்பாள்.

ஐந்தாவதாக அவள் கேட்டது பதினாலாம் நம்பர் வண்டி. ஆறு வருஷத்துக்கு முன்னால் பந்தயப் பாதையை விட்டுப் பாய்ந்து, கூட்டத்துக்குள் புகுந்து, எரிந்து கரிக்கட்டையான கார். ஓட்டினவனும், வேடிக்கை பார்க்க வந்த மூன்று பேரும் போய்விட்டார்கள். அது மட்டும் வேண்டாம் என்று கடுகு மறுத்தார்.

“முடியலன்னா சொல்லுங்கண்ணே, வேற ஆளைப் பாத்துக்கறேன்” என்றாள். சுருக்கென்றது. ஒப்புக்கொண்டார்.

இப்போது அவள் லென்ஸை வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள்.

“ஓட்டினவன் வெறி பிடிச்ச மாதிரி ஓட்டினதுதான் காரணம்னு விசாரணையில முடிவாச்சு, இல்லண்ணே?”

“அப்படித்தான் சொன்னாங்க.”

“அவன் வீட்டுச் சுவத்துல இன்னமும் கொலைகாரன்னு எழுதிவைக்கறாங்களாம். அவங்கம்மா வெளியில தலைகாட்டறதே இல்லயாம்.”

“பாவம்தான். நீங்க வண்டியப் பாருங்கம்மா.” அவள் சீக்கிரம் பார்த்து முடித்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அவள் வண்டியைக் கவிழ்த்தாள். “மாட்டிக்கிட்டீங்க! பின்பக்கம் வலது சக்கரம். உள்பக்கமா தங்கக் கலர் தெரியுது. கறுப்படிக்க மறந்துட்டீங்க.”

“மறக்கலம்மா.”

“நான் பார்த்த போட்டோல எல்லாம் நாலும் ஒரே கறுப்புதான். வயசாகுதில்லண்ணே? கை முன்ன மாதிரி நிக்காது.”

கடுகுக்கு ரத்தம் தலைக்கேறியது.

“அதெல்லாம் காலையில எடுத்த போட்டோ! பந்தயத்துக்கு அரை மணி முன்னாடி அந்தச் சக்கரத்துல விரிசல் தெரிஞ்சுது. மாத்தறதுக்குப் புதுசு இல்ல. ஷெட்டு மூலையில கெடந்த பழைய தங்கக் கலர் சக்கரத்துக்கு வெளிப்பக்கம் மட்டும் அவசரமா கறுப்படிச்சு மாட்டியாச்சு. அது பிச்சுக்கிட்டுப் போனதுலதான் வண்டியே பாதையை விட்டு எகிறிச்சு. இது எந்தப் போட்டோலயும் இருக்காது. இப்பச் சொல்லுங்க, இது குறையா?”

அவள் லென்ஸை மேசைமேல் வைத்தாள்.

“இல்லண்ணே. இதுல ஒரு குறையும் இல்ல.”

ஒரு வருஷமாக அவர் ஏங்கிக் கிடந்த வார்த்தை. முகமெல்லாம் பல்லாக, உள்ளே திரும்பி டீ கொண்டுவரச் சொன்னார்.

அவள் வண்டியைக் கைக்குட்டையில் சுற்றிப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நாலும் புதுச் சக்கரம், என் கையாலதான் மாட்டினேன்னு விசாரணையில கையெழுத்துப் போட்ட மெக்கானிக் நீங்கதானே?” அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “அந்த வண்டியை ஓட்டினது என் தம்பிண்ணே.”